வீட்டுப் பட்டறைக்கு ஒரு கூட்டுத் தச்சு இயந்திரம்: வாங்குமுன் யோசிக்க வேண்டியவை

கடையில் விற்கும் படிப்பு மேசையை வாங்கி வீட்டில் போட்டால், இரண்டு மழைக்காலம் கழிவதற்குள் அதன் விளிம்பு உப்பி, மேலே ஒட்டிய தாள் தோலுரிந்து நிற்பதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். மரத்தூளைப் பசையிட்டு அழுத்திச் செய்த பலகை அது. "இதற்கு நானே ஒன்று செய்துவிடலாம்" என்று வீட்டுத் தலைவர் சொல்வார். சொல்வதோடு பலர் நின்றுவிடுவார்கள். சிலர் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் அஞ்சடியில் வாளும் உளியுமாக உட்கார்ந்து மணை, சாமி மேடை, புத்தக அலமாரி என்று ஒவ்வொன்றாகச் செய்யத் தொடங்குவார்கள். கை பழகியதும் இயந்திரத்தின் மேல் ஆசை வரும். அதிலும், ‘ஒரே இயந்திரத்தில் ஐந்து வேலை’ என்று கடைக்காரர் காட்டும் கூட்டு இயந்திரத்தின் மேல் வரும் ஆசை சாமானியமானதல்ல.

வாசகர்களே, அந்த ஆசை தவறு என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. 55 வயதில் சேமநிதிப் பணம் கைக்கு வரும்போது, இத்தனை நாள் உழைத்த கைக்கு ஒரு துணை தேடுவது நியாயம்தான். ஆனால் அந்தப் பணம் திரும்ப வராது. போன விரலும் திரும்ப முளைக்காது. ஆகவே ஆற அமர யோசித்து வாங்குவோம்.

கூட்டு இயந்திரம் என்றால் என்ன?

ஒரே உடம்பில் பல தச்சுக் கருவிகளைப் பொருத்திய இயந்திரமே கூட்டு இயந்திரம். இதில் இரண்டு குடும்பங்கள் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

முதலாவது அமெரிக்கக் குடும்பம். ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் என்பவர் உருவாக்கிய ‘ஷாப்ஸ்மித்’ 1947-இல் விற்பனைக்கு வந்தது. இரண்டு குழாய்களின் மேல் நகரும் ஒரு மோட்டார் தலை. அதிலேயே கடைசல், வட்ட ரம்பம், நின்று துளைப்பது, படுத்துத் துளைப்பது, தட்டில் உரசுவது என ஐந்து வேலைகள். போருக்குப் பிறகு சிறு வீடு வாங்கிய அமெரிக்கர்கள் காரோடு காராக இதையும் ஒரு மூலையில் நிறுத்திக்கொண்டார்கள். இடம் குறைவு என்பதே இதன் பெருமை.

இரண்டாவது ஐரோப்பியக் குடும்பம். இத்தாலியின் ரிமினி நகரத்து எஸ்.சி.எம். நிறுவனம் 1952-இல் ‘இன்வின்சிபிலே’ என்ற கூட்டு இயந்திரத்தை வெளியிட்டது. ஆஸ்திரியாவின் ஃபெல்டர், பெல்ஜியத்தின் ராப்லண்ட் போன்ற நிறுவனங்களும் இவ்வகையில் பெயர் பெற்றவை. இதில் ரம்பம், பலகையின் முகத்தை இழைக்கும் மேடை, கனத்தைச் சமப்படுத்தும் பகுதி, சட்டங்களில் வரி வெட்டும் ‘ஸ்பிண்டில்’, பக்கவாட்டில் துளையிடும் பகுதி ஆகிய ஐந்தும் இருக்கும். இது கனமானது, மேசை, நாற்காலி, கதவு, கட்டில் செய்பவர்களுக்கு ஏற்றது.

சப்பாத்திக் கட்டை, மத்து, பம்பரம், தொட்டில் கட்டை என்று கடைசல் வேலையில் ஆசை உள்ளவருக்கு ஐரோப்பிய இயந்திரம் உதவாது. அதில் கடைசல் இல்லை. சொரசொரப்பான பலகையை இழைத்து மட்டமாக்க நினைப்பவருக்கு, மேலே சொன்ன ஐந்து வேலையோடு நிற்கும் அமெரிக்க இயந்திரம் போதாது. என்ன செய்யப் போகிறோம் என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு அதன் பிறகு கடைக்குப் போக வேண்டும். கடைக்குப் போன பிறகு யோசித்தால் கடைக்காரரின் யோசனைதான் நம் தலையில் ஏறும்.

மின்சாரம் தாங்குமா?

பெரும்பாலோர் கடைசியில் கேட்கும் இந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டும். நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட், 50 சைக்கிள், ஒற்றைக் கட்ட மின்சாரம். சுவரில் உள்ள பிளக் 13 ஆம்பியர் வரை தாங்கும். பெருக்கிப் பாருங்கள்: 13 x 230 = 2,990 வாட். ஒரு குதிரைத்திறன் 746 வாட். அப்படியானால் 3 குதிரைத்திறன் மோட்டார் 2,238 வாட்தானே, தாங்கிவிடுமே என்று தோன்றும். ஆனால் 2,238 வாட் என்பது மோட்டார் வெளியே கொடுக்கும் சக்தி. உள்ளே இழுப்பது அதைவிட அதிகம். ஏறக்குறைய 13 அல்லது 14 ஆம்பியர் வரும். கிளம்பும்போது ஒரு கணம் அதைப் போல் சில மடங்கு இழுக்கும்.

ஆகவே 2 குதிரைத்திறன் வரை சாதாரண பிளக்கில் ஓட்டலாம். அதற்கு மேல் என்றால் மீட்டர் பெட்டியிலிருந்து தனிக் கம்பி இழுக்க வேண்டும். அதை உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டே செய்யுங்கள். மெல்லிய நீட்டுக் கம்பியைச் சுருட்டியபடியே வைத்து இயந்திரத்தை ஓட்டினால் கம்பி சூடேறும். மோட்டாருக்கு வோல்ட் குறைந்து அதுவும் சூடேறும்.

அமெரிக்காவிலிருந்து வந்த இயந்திரம் என்றால் தகட்டைப் பாருங்கள். 120 வோல்ட், 60 சைக்கிள் என்றிருந்தால், வோல்ட்டை மாற்றும் பெட்டி வைத்தாலும் சைக்கிள் மாறாது. மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும், சூடும் அதிகமாகும்.

எனக்குத் தெரிந்த ஒரு பெரியவரின் கதையை இங்கே சொல்ல வேண்டும். என் பழைய மாணவர் ஒருவரின் தகப்பனார். மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர். மூடப்போகும் ஒரு தளவாடத் தொழிற்சாலையில் பெரிய கூட்டு இயந்திரம் மலிவாக வருகிறது என்று கேள்விப்பட்டு, சேமநிதிப் பணத்திலிருந்து எடுத்து வாங்கிவிட்டார். லாரி வைத்து, ஆறு பேர் பிடித்து இறக்கினார்கள். பிறகுதான் தெரிந்தது, அது மும்முனை மின்சாரத்தில் ஓடுவது என்று. அவர் குடியிருக்கும் தாமான் வீட்டில் இருப்பதோ ஒற்றைக் கட்டம். ஒற்றைக் கட்டத்தை மும்முனையாக்கும் கருவி இருக்கிறது என்றார்கள். மோட்டார் தகட்டில் 230/400 என்று எழுதியிருந்தால் அந்தக் கருவி உதவியிருக்கும். அவருடையதில் இருந்தது 400/690. இணைப்பை மாற்றியும் பயனில்லை. மோட்டாரை மாற்றுவதற்குக் கேட்ட தொகை இயந்திரத்தின் விலையை நெருங்கியது. நான் கடைசியாகப் பார்த்தபோது அது தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நின்றது. அவர் அதன் பக்கத்தில் ஒரு பெஞ்சைப் போட்டு, பேத்திக்கு முக்காலி ஒன்றைக் கை இழைப்புளியால் இழைத்துக்கொண்டிருந்தார். "தகட்டில் எழுதியிருப்பதைப் படிச்சுச் சொல்ல அன்னைக்கு ஒரு ஆள் பக்கத்துல இல்லாமப் போச்சு வாத்தியாரே" என்றார். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த ஒரு வார்த்தைதான்.

இடம் இருக்கிறதா?

இயந்திரத்தின் நீள அகலத்தை மட்டும் அளந்து, ‘இடம் இருக்கிறது’ என்று முடிவு செய்துவிடாதீர்கள். 8 அடிப் பலகையை ரம்பத்தில் தள்ள வேண்டுமானால் முன்னால் 8 அடி, பின்னால் 8 அடி காலியாக இருக்க வேண்டும். இயந்திரத்தோடு சேர்த்தால் 18, 20 அடி ஆகிவிடும். இதற்கு ஒரு யுக்தி உண்டு: பலகை போகும் பாதையைக் கதவுக்கோ ஜன்னலுக்கோ நேராக அமைத்துக்கொண்டால், பலகையின் வால் வெளியே போய்விடும். பலகை வெளியே வரும் பக்கம் பிள்ளைகள் நடமாடாதபடி ஒரு தடுப்பு அவசியம்.

சத்தத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். இழைக்கும் இயந்திரத்தின் ஓசை 90 டெசிபலைத் தாண்டும். 85 டெசிபலில் நாள்தோறும் எட்டு மணி நேரம் இருந்தாலே காது கெடத் தொடங்கும். நம் காதுக்கு அடைப்பான் வாங்கலாம். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் அண்டைவீட்டுக் குழந்தைக்கு என்ன செய்வது? எந்த நேரத்தில் ஓட்டுவீர்கள் என்பதை முன்கூட்டியே அவர்களிடம் பேசிக்கொள்ளுங்கள்.

மாற்றி மாற்றிப் பொருத்தும் வேலை

கூட்டு இயந்திரத்தின் பலவீனம் இங்கேதான் இருக்கிறது. ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்குப் போக மேடையைத் தூக்க வேண்டும், தடுப்பைக் கழற்ற வேண்டும், சிலவற்றில் பெல்ட்டையும் மாற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் சில நிமிடம் போகும். நேரம் போனால் போகட்டும். அளவும் கூடவே போய்விடுவதுதான் தொல்லை.

ஒரு படிப்பு மேசையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். நான்கு கால், நான்கு சட்டம், ஒரு மேற்பலகை. சட்டத்தின் நாக்கு, காலில் உள்ள துளைக்குள் செருகி நிற்க வேண்டும். யோசிக்காமல் செய்தால் வேலை இப்படிப் போகும்: ரம்பத்தில் துண்டு போடுதல், முகம் இழைத்தல், கனம் சமப்படுத்தல், மறுபடி ரம்பத்தில் அளவுக்கு வெட்டுதல், துளையிடுதல், மறுபடி ரம்பத்தில் நாக்கு வெட்டுதல். ஐந்து முறை மாற்ற வேண்டும்.

யோசித்துச் செய்தால் எப்படி? முதல் துண்டைக் கைவாளால் சற்று நீளமாகவே அறுத்துக்கொள்ளலாம். பிறகு எல்லாக் கட்டைகளையும் முகம் இழைத்து, கனம் சமப்படுத்தி, கால்களில் துளையிட்டு, கடைசியாக ரம்பத்துக்கு வந்து நீளமும் நாக்கும் ஒரே இருப்பில் வெட்டிவிடலாம். மூன்று மாற்றத்தோடு முடிந்தது. ஒரே கனம் வேண்டிய கட்டைகள் அனைத்தையும் ஒரே அமைப்பில் ஓட்டிவிடுங்கள். சட்டம் நான்கு வேண்டுமென்றால் ஐந்தாவதாக ஒன்றையும் சேர்த்து இழைத்து வையுங்கள். ஒன்று கெட்டுப்போய், கனத்தை மறுபடி அமைத்து இழைத்தால் பழைய கனம் மயிரிழை பிசகாமல் வருவது கடினம்.

இப்படி முன்கூட்டித் திட்டமிடும் பொறுமை உள்ளவருக்குக் கூட்டு இயந்திரம் நல்ல வேலைக்காரன். தோன்றியபடி வெட்டி, தோன்றியபடி இழைப்பவருக்கு அது சண்டைக்கார மனைவி போன்றது என்று ஆண்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள். என் மனைவியோ, "பொறுமையில்லாத ஆளுக்கு எது வாங்கிக் கொடுத்தாலும் சண்டைதான்" என்கிறார். அவர் சொல்வதே சரி.

நம் நாட்டு மரமும் இயந்திரமும்

வெளிநாட்டுப் புத்தகங்கள் ஓக், பைன் என்று பேசும். நம் கைக்கு வருவது ரப்பர் மரம், மெராந்தி, நியாத்தோ. சில வேளை பழைய வீடு பிரித்த செங்கால்.

ரப்பர் மரத்தை நம்மைவிட அறிந்தவர் யார்? 25, 30 ஆண்டு பால் கொடுத்த பிறகு வெட்டப்படும் அந்த மரம் ஒரு காலத்தில் விறகாகத்தான் போயிற்று. 1980-களில் அது தளவாட ஏற்றுமதிக்குரிய மரமாக வளர்ந்தது. ஆனால் தோட்டத்தில் விழுந்த மரத்தை அறுத்து, காயவைத்து, நாற்காலி செய்யலாம் என்று எண்ணாதீர்கள். அதில் மாச்சத்து அதிகம். அறுத்த சில நாளிலேயே நீலப் பூஞ்சணம் பிடிக்கும். பிறகு பூச்சி துளைத்து மாவாகக் கொட்டும். அறுத்தவுடன் போரான் மருந்தை அழுத்தத்தில் ஊட்டி, சூளையில் உலர்த்திய மரமாகக் கேட்டு வாங்குங்கள். மருந்தூட்டிய மரத்தின் தூளைக் கோழிக்கூண்டில் பரப்பவும் வேண்டாம். அடுப்பில் எரிக்கவும் வேண்டாம்.

இன்னொன்று: ரப்பர் மரத்தின் நாருக்குள் இழுவிசை அதிகம். அறுக்கும்போதே வெட்டின வாய் மூடிக்கொண்டு ரம்பத்தைக் கவ்வும். கவ்வினால் பலகை நம் வயிற்றை நோக்கிப் பாயும். இதைத் தடுக்க ரம்பத்துக்குப் பின்னால் ஒரு மெல்லிய இரும்புத் தகடு நிற்க வேண்டும். அது வெட்டின வாயை மூடவிடாது. அந்தத் தகடு இல்லாத இயந்திரத்தை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ரப்பர் மரம் பெரும்பாலும் குட்டையாகவும் குறுகலாகவும்தான் கிடைக்கும். அதனால் 8 அல்லது 10 அங்குல அகலம் இழைக்கும் இயந்திரம் வீட்டுக்குத் தாராளம். செங்காலோ தண்ணீரின் கனத்தை நெருங்கும் கெட்டி மரம். சின்ன மோட்டார் திணறும். ஒவ்வொரு தடவையும் அரை மில்லிமீட்டர் மட்டும் எடுங்கள். பழைய பலகையில் ஆணி ஒளிந்திருக்கும். ஓர் ஆணி போதும் இழைக்கும் கத்தி முழுவதையும் பல்லாக்க. காந்தத்தால் தடவிப் பார்த்த பிறகே இயந்திரத்தில் விடுங்கள்.

கடையில் சோதிக்க வேண்டியவை

1. நேரான இரும்பு அளவுகோலை மேடையின் மேல் குறுக்கும் நெடுக்குமாக வையுங்கள். அடியில் செய்தித்தாள் நுழையக் கூடாது. இழைக்கும் மேடைகள் இரண்டும் ஒன்றுக்கொன்று சமமாக ஓட வேண்டும்.

2. ஒரு கட்டையைக் குறுக்கே அறுத்து, ஒரு துண்டைக் கவிழ்த்து மற்றதோடு நேராகச் சேருங்கள். கோணம் பிசகியிருந்தால் பிசகு இரட்டிப்பாகத் தெரியும்.

3. கடைக்காரரையே ரம்பத்திலிருந்து இழைப்புக்கும், மறுபடி ரம்பத்துக்கும் மாற்றச் சொல்லுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். பிறகு நீங்களும் மாற்றிப் பாருங்கள். திரும்பி வந்த பிறகும் ரம்பம் செங்கோணத்தில் நிற்கிறதா?

4. ரம்பத்தின் நடுத் துளையை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஐரோப்பியதில் 30 மில்லிமீட்டர், அமெரிக்கச் சிறு இயந்திரங்களில் 5/8 அங்குலம் என்று மாறும். பக்கத்து ஊர்க் கடையில் அந்த அளவு கிடைக்குமா? இழைக்கும் கத்தி கிடைக்குமா?

5. மின்சாரம் நின்று திரும்ப வந்தால் இயந்திரம் தானாக ஓடக் கூடாது. சுவிட்சை மறுபடி அழுத்தினால்தான் ஓட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது பிளக்கை அணைத்துப் போட்டுச் சோதியுங்கள்.

6. வார்ப்பிரும்பு மேடை அதிராது. ஆனால் நம் ஈரக் காற்றில் துருப்பிடிக்கும். வாரம் ஒரு முறை மெழுகு தடவ உங்களால் முடியுமா?

விரலும் மூச்சும்

250 மில்லிமீட்டர் ரம்பம் நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றினால், அதன் பல் நொடிக்கு 52 மீட்டர் ஓடுகிறது. கை தவறினால் இழுத்துக்கொள்ள நேரமில்லை. தள்ளுகட்டை இல்லாமல் சிறு துண்டை அறுக்காதீர்கள். ஓர் அடிக்குக் குறைந்த கட்டையை இழைக்கும் மேடையில் ஓட்டாதீர்கள். கையுறை வேண்டாம், சுற்றும் கத்தி துணியைப் பற்றினால் கையையும் சேர்த்து இழுக்கும். சட்டைக் கையை மடித்து, சங்கிலி, மோதிரம், கைக்கயிறு அனைத்தையும் கழற்றிவையுங்கள். கத்தியை மாற்றும்போது சுவிட்சை அணைத்தால் போதாது. பிளக்கைப் பிடுங்கிச் சட்டைப் பையருகே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பிண்டில் பகுதியை முதல் ஓராண்டு தொடவே வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

தூசி கண்ணுக்குத் தெரியாத எதிரி. அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995-இல் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. தூசி உறிஞ்சும் கருவியும் நல்ல முகக்கவசமும் இயந்திர விலையோடு சேர்ந்த செலவுகளே.

யாருக்கு எது?

உங்களிடம் உள்ள பணத்தை மூன்று பங்காக்குங்கள். இரண்டு பங்குக்கு மேல் இயந்திரத்துக்குப் போகக் கூடாது. மூன்றாம் பங்கு மின்கம்பி, தூசி உறிஞ்சி, உதிரி ரம்பம், கத்தி தீட்டும் கூலி, முதல் மரம் ஆகியவற்றுக்கு. 9,000 வெள்ளி இருந்தால் 6,000 வெள்ளி இயந்திரத்தைப் பாருங்கள்.

பொம்மை, மணை, படச்சட்டம் செய்பவருக்கு இயந்திரமே தேவையில்லை. நல்ல கைக்கருவிகளும் ஒரு மின்துளைப்பானும் போதும். வீட்டுக்கு வேண்டிய தளவாடங்களைத் தாமே செய்ய விரும்பி, இடமும் குறைவாக உள்ளவருக்கு 2 குதிரைத்திறனில் ஓடும் ஒற்றைக் கட்டக் கூட்டு இயந்திரம் பொருந்தும். சற்று இடம் உள்ளவருக்கு என் யோசனை வேறு: முகம் இழைப்பதும் கனம் சமப்படுத்துவதும் சேர்ந்த ஒன்றை வாங்கி, ரம்பத்தைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு வேலைக்கும் ஒரே கத்தி உருளைதான். ஒன்றாக இருப்பதில் நட்டமில்லை. ரம்பமோ அடிக்கடி தேவைப்படுவது. அது எப்போதும் தயாராக நிற்கட்டும். இதையே வருமானமாக்க நினைப்பவர் தனித்தனி இயந்திரங்களையே நாட வேண்டும். மாற்றிப் பொருத்தும் நேரமெல்லாம் அவருக்குக் கூலி நட்டம்.

எதை வாங்குவதானாலும், அதற்கு முன் ஆறு மாதம் கைவாளும் இழைப்புளியுமாக ஒரு முக்காலியாவது செய்து பாருங்கள். நாரின் போக்கு கைக்குத் தெரிந்த பிறகு இயந்திரம் உங்கள் சொற்படி கேட்கும். ஆறு மாதத்தில் ஆசை தணிந்துவிட்டால், சேமநிதிப் பணம் சேமநிதிப் பணமாகவே இருக்கும். தணியாவிட்டால் தயங்காமல் வாங்குங்கள். போகும்போது தகட்டைப் படிக்கத் தெரிந்த ஒருவரையும் கூட அழைத்துச் செல்லுங்கள். பள்ளிக்கூடத்து வாத்தியாரானாலும் சரி, பக்கத்து வீட்டு மின்பணியாளரானாலும் சரி, கேட்டால் மறுக்கமாட்டார்கள்.